இறாலுக்குக்கூட இவ்வளவு அலையவில்லை

பி.எஸ்ஸி விலங்கியல் முதல் வருஷ ப்ராக்டிகல் ஒருவழியாக முடிந்தது. பாடம் கஷ்டமா என்றால் இல்லை, புரோட்டோசோவாவிலிருந்து முட்தோலிகள் வரைக்கும் உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறிவிடும். என்னைப் படுத்தியது ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கம். அதில் துறைத்தலைவர், அதாவது ஹெச்.ஓ.டி, கையெழுத்தும் சீலும் இல்லையென்றால் லேபுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

கையெழுத்துக்கு, பாக்கி எதுவும் இல்லை என்று லைப்ரரி தரும் நோ டியூ வேண்டும். போனால், உன் பேரில் ஒரு புத்தகம் நிலுவையில் இருக்கிறது என்கிறார்கள். என்ன புத்தகம் என்று பார்த்தால் பூக்கும் தாவரங்களின் வகைப்பாடு! விலங்கியல் பையன் அதை எடுத்து என்ன பண்ணப் போகிறேன் என்று கேட்டதற்கு, "லெட்ஜர்ல உன் பேர்தான்பா இருக்கு, ஃபைன் கட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். தாவரவியலில் என் பெயரிலேயே இன்னொருத்தன் இருக்கிறான். அவனைத் தேடிப் பிடித்து, ஐடி கார்டோடு கவுன்டருக்கு இழுத்து வந்து, லெட்ஜரில் இருக்கும் ரோல் நம்பரை விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் நோ டியூவில் முத்திரை விழுந்தது. ஒரு ஸாரி கிடையாது.

சரி, இனி கையெழுத்துதானே என்று போனால் ஹெச்.ஓ.டி இல்லை. ப்ராக்டிகல் சீசனில் அவர்களே வேறு கல்லூரிகளுக்கு எக்ஸ்டர்னலாக (வெளித்தேர்வாளராக) போய்விடுவார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திருவொற்றியூரிலிருந்து வந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடைசியில் லேப் அட்டெண்டர் அண்ணன்தான் "காலைல எட்டரைக்கு வா, கெளம்பறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போவாரு" என்றார். எட்டரைக்கு நின்றேன், கிடைத்தது. அலுவலகத்தைவிட அட்டெண்டர்களுக்குத்தான் எல்லாம் தெரியும், அவர்களிடம் முதலிலேயே பேசிப் பழகி வையுங்கள்.

அடுத்தது இறால். கல்லூரியில் விலங்கியல் என்றாலே "தவளை அறுப்பியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அதையெல்லாம் 2014-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்தச் சொல்லிவிட்டது. எங்களுக்கு மேஜர், அதாவது முக்கியக் கேள்வி, இறாலின் இணையுறுப்புகளை (மீசை, தாடை, கால் மாதிரி ஜோடி ஜோடியாக இருப்பவை) கழற்றி வரிசையாக ஒட்டுவது. டிபார்ட்மென்ட்டிலேயே தருவார்கள் என்று பார்த்தால் அவரவர் கொண்டு வாங்க என்றுவிட்டார்கள். தேர்வு ஏப்ரல் கடைசியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஃபைபர் படகில் வரும் கொஞ்சநஞ்சம்தான், விலையும் ஏகம்.

மீசை உடையாமல், கால் உதிராமல், தலையோடு முழு வெள்ளை இறால் வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறால் விற்கிற அக்கா கடுப்பாகி, "எறா வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார். பரீட்சைக்கு என்று சொன்னதும் அவரே கூடையின் அடியில் கைவிட்டு, ஐஸைத் தள்ளி, நல்லதாக நாலு பொறுக்கிக் கொடுத்தார். உடைந்தால் வேண்டுமே என்று மேலே ரெண்டு, அதற்குக் காசு வாங்கவில்லை.

ஜூனியர்களுக்குச் சில விஷயம். ஐஸ் விறைப்பு நன்றாக விட்ட பிறகு கை வையுங்கள், இல்லையென்றால் படக்கென்று ஒடியும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதும், வாலிலிருந்து ஆரம்பித்துத் தலைப்பக்கம் வாருங்கள், ஃபோர்செப்ஸால் அடிமூட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். மொத்தம் 19 ஜோடி: தலையில் 5, மார்பில் 8, வயிற்றில் 6. தாடைதான் சோதிக்கும். கறுப்புச் சார்ட்டில் வைத்தால் எடுப்பாகத் தெரியும், நடுநடுவே ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள், ஃபேன் காற்றில் காய்ந்து சுருண்டுவிடும்.

அப்புறம், நெட்டில் கிடைக்கும் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ரெக்கார்டில் வரையாதீர்கள். வடக்கத்திக் கைடுகளில் பாதி நம்ம ஊர் உயிரினமே இல்லை. மண்புழு என்றால் அங்கே ஃபெரிடிமா, கிளைடெல்லம் (உடம்பைச் சுற்றித் தடிப்பாக இருக்கும் பட்டை) 14-லிருந்து 16-ஆவது கண்டம், அதாவது உடல் வளையம். நாம் படிக்கும் லாம்பிட்டோ மாரிட்டியில் 14-லிருந்து 17. இறாலிலும் அதே கதைதான். வைவாவில் எக்ஸ்டர்னல், "கொடுக்கு எத்தனை ஜோடிக் கால்ல இருக்கு?" என்றார். மூணு என்றேன். "ரெண்டுன்னுல்ல போட்டிருக்கு?" என்று புருவத்தைத் தூக்கினார். அது பாலிமான் சார், நன்னீர் இறால், இது பீனியஸ், கடல் இறால் என்று என் சார்ட்டில் இருந்த மூன்று கால்களையும் காட்டினேன். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மார்க் இன்னும் வரவில்லை. வெளியே வந்தால் என் பெயர்க்காரன் நிற்கிறான், அவனுக்கும் நோ டியூ தரவில்லையாம். இந்தத் தடவை அவன் கணக்கில் என் புத்தகம்.