கயோட்டியைத் துரத்திய மான்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தோம் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஓல்டு ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்றைப் பற்றித்தான். அதையும் பார்த்தோம், நன்றாகத்தான் பொங்கியது. ஆனால் நாங்கள் போனது அதற்காக இல்லை. பூங்காவின் வடக்கு வாசலில் கார்டினர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே தங்கிக்கொண்டு, லமார் பள்ளத்தாக்கு வரைக்கும் போகிற சாலையில் விடிவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு கிளம்பி விலங்கு பார்ப்பது என்பதுதான் திட்டம். ஜூன் மாதம் என்றாலும் காலையில் கை விறைக்கும் குளிர். எங்கள் பையன் போர்வையோடுதான் காரில் ஏறுவான்.

கார்டினரில் இருந்து பூங்காவுக்குள் இருக்கும் மாமத் என்ற இடத்துக்குப் போகும் பழைய ஆற்றோரச் சாலையை 2022 ஜூன் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு மலைமேல் கிடந்த ஒரு பழைய மண்பாதையை அகலப்படுத்தித் தார் போட்டிருக்கிறார்கள். வளைவுகள் அதிகம், பார்த்து ஓட்ட வேண்டும். மாமத்தைத் தாண்டி டவர் சந்திப்பு வரை 29 கி.மீ. இடையில் வருவது பிளாக்டெயில் மேட்டுநிலம். கண்ணுக்கு எட்டிய வரை சேஜ்பிரஷ் புதர். ஓர் இலையைக் கசக்கினால் கற்பூர வாசம் வரும்.

அங்கே ஓரமாக நாலைந்து கார்கள் நின்றிருந்தன. இந்தச் சாலையில் கார்கள் கூட்டமாக நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். முக்காலியில் தொலைநோக்கி வைத்திருந்த ஒரு பெரியவர் எங்களையும் பார்க்க அழைத்தார். வருடா வருடம் வருகிறவராம்.

"அப்பா, ஓநாய்!" என்றான் பையன்.

பெரியவர் சிரித்தார். ஓநாய்க்கு நெருங்கிய உறவான கயோட்டி என்ற விலங்குதான் அது. மூக்கு கூர், காது உடம்புக்குக் கொஞ்சம் பெரிது, கால்கள் ஒல்லி. நம் ஊர் நரியைவிடப் பெரியது, ஓநாயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். தலையைத் தரையோடு வைத்துப் புதருக்குப் புதர் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி பெரிய காதுள்ள மியூல் மான் என்ற இனத்துப் பெண் மான் ஒன்று மேய்ச்சலை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஜூன் தொடக்கம் என்பது இங்கே மான் குட்டி போடும் பருவம். பிறந்த குட்டியால் ஓட முடியாது. தாய் அதை நக்கிச் சுத்தம் செய்து, நஞ்சுக்கொடியையும் தின்றுவிட்டு, புதருக்குள் படுக்க வைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும். பால் கொடுக்க மட்டும் வந்து போகும். குட்டியின் உடம்பில் வாடை குறைவு, மேலே வெள்ளைப் புள்ளிகள் வேறு. அசையாமல் கிடந்தால் பக்கத்திலேயே நடந்து போனாலும் தெரியாது. கயோட்டிக்கும் இந்தக் கணக்கு தெரியும். தாய் இங்கே நின்றால் குட்டி எங்கேயோ பக்கத்தில்தான் என்று அது தேட ஆரம்பிக்கும்.

ஒரு குறிப்பிட்ட புதர்ப் பக்கம் கயோட்டி திரும்பியதுதான் தாமதம், மான் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு பாய்ந்து வந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் குத்துகிற குத்து! கயோட்டி வாலை ஒடுக்கிக்கொண்டு துள்ளி விலகியது. ஓடிப்போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு சுற்று சுற்றி மறுபக்கம் வந்தது. மறுபடி துரத்தல். தொலைக்காட்சியில் இதை இசையோடு அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நேரில் இது மாட்டுச் சந்தை பேரம் மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது. யாரும் அவசரப்படுவதில்லை.

"என்னங்க, மேட்டுக்குப் பின்னாடி பாருங்க, இன்னொண்ணு வருது" என்றாள் மனைவி. அவள் சொன்னபடியே இரண்டாவது கயோட்டி. ஒன்று தாயை இழுத்தடிக்க, மற்றது குட்டியைத் தேடுவது இவற்றின் பழைய வித்தை. சரி, கதை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில்தான் சரிவுக்கு மேலிருந்து இன்னொரு பெண் மான் இறங்கி ஓடி வந்தது. அதுவும் நேராகக் கயோட்டி மேல்தான் பாய்ந்தது. இரண்டு மான்களும் சேர்ந்து துரத்திய பிறகு கயோட்டிகள் கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்து கொட்டாவி விட்டன. அப்புறம் புல்லுக்குள் எலி பிடிக்கப் போய்விட்டன. குட்டியை நாங்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை.

அடுத்தவள் பிள்ளைக்காக அந்த இரண்டாவது மான் ஏன் வரவேண்டும்? ஊர் திரும்பியும் இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மினசோட்டா வீட்டுப் பின்புறம் வருகிற வெள்ளைவால் மான்கள் கதவு திறக்கிற சத்தத்துக்கே வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பறந்துவிடும். தேடிப் படித்தபோது சூசன் லிங்கிள் என்ற ஆய்வாளர் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இதையே பார்த்துப் பதிவு செய்திருப்பது கிடைத்தது. அங்கே இரண்டு இன மான்களும் ஒரே இடத்தில் மேய்கின்றன. கயோட்டி வந்தால் வெள்ளைவால் மான் ஓட்டத்தை நம்பும், மியூல் மான் நின்று சண்டை போடும். தன் குட்டியா பிறர் குட்டியா என்று பார்க்காது, வெள்ளைவால் குட்டி கத்தினால்கூட ஓடிவரும். ஒலிபெருக்கியில் வேறு விலங்குகளின் குட்டிகள் அலறும் ஒலியைப் போட்டபோதும் தாய் மான்கள் அதை நோக்கி வந்திருக்கின்றன. மனிதக் குழந்தையின் அழுகையும் அதில் ஒன்று.

இதை வைத்துக் கயோட்டி கையாலாகாதது என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவர் குளிர்காலத்துக் கதையும் சொன்னார். பனியின் மேல்பரப்பு உறைந்து ஓடாகும்போது மானின் குளம்பு உடைத்துக்கொண்டு உள்ளே புதையும். லேசான உடம்புள்ள கயோட்டி மேலேயே ஓடும். பட்டினியில் மெலிந்த மானோ, எல்க் என்ற பெரிய மான் இனத்தின் இளசோ கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரிந்தால் ஜோடியாக வந்து விழுத்திவிடும்.

கயோட்டிக்கும் பயம் உண்டு. யெல்லோஸ்டோனில் ஓநாய்களை 1926 வாக்கில் அடியோடு ஒழித்துவிட்டார்கள். அதன்பின் எழுபது வருடம் கயோட்டி ராஜ்ஜியம். 1995, 1996 ஆண்டுகளில் கனடாவில் இருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதும் லமாரில் கயோட்டிகள் பாதியாகக் குறைந்தன. பங்காளிச் சண்டைதான், ஓநாய் கையில் அகப்பட்டால் கொன்றுவிடும். இதில் லாபம் யாருக்கு என்றால் பிராங்ஹார்ன் குட்டிகளுக்கு. மான் போலத் தெரிந்தாலும் மான் குடும்பத்தில் சேராத விலங்கு அது. தெற்கே கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா பக்கம், ஓநாய் நடமாடும் இடங்களில் அதன் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. ஓநாய்க்கு அந்தச் சின்னக் குட்டியை மெனக்கெட்டுத் தேடுவது கட்டுப்படியாகாது, கயோட்டிக்குக் கட்டுப்படியாகும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். போஸ்மன் விமான நிலையத்தில் இருந்து கார்டினர் சுமார் 140 கி.மீ. குட்டிகளைப் பார்க்க மே கடைசியும் ஜூனும் நல்ல நேரம். கார்டினரில் இருந்து கிழக்கே குக் சிட்டி வரை போகும் இந்த ஒரு சாலை மட்டும் குளிர்காலத்திலும் கார்களுக்குத் திறந்திருக்கும். மான், கயோட்டி என்றால் குறைந்தது 23 மீட்டர், ஓநாய், கரடி என்றால் 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நல்ல பைனாகுலர் அவசியம், கைபேசிக் கேமராவை நம்பாதீர்கள். லமாரில் சிக்னலும் கிடைக்காது, அதனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டினரில் தங்கும் விடுதிகள் கொஞ்சம்தான், ஜூனுக்கு வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. வாடகையும் சும்மா இல்லை.