முன்மொழிபவரின் ரசீது

போன ஞாயிறு மாலை நாலரைக்கு எண்ணி முடித்தார்கள். எங்கள் ஆங்கில ஆசிரியர் சங்கத்தின் இணைச் செயலாளர் பொறுப்புக்கு எனக்கு 143, எதிரில் நின்றவருக்கு 132. பதினோரு ஓட்டு. தேர்தல் அலுவலர் இரண்டு முறை எண்ணினார். இரண்டாவது முறை எண்ணும்போது நான் வெளியே போய் வாட்டர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து தெரிந்தவர்கள் பலர், "மேடம், அடுத்த தடவை நாங்களும் நிக்கலாம்னு இருக்கோம், என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இது. ஆங்கில ஆசிரியர் சங்கங்களில் பொறுப்புக்கு வர நினைக்கும் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். கல்லூரிக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

முதலில் மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. அப்போதும் இதே பொறுப்புக்கு மனு போட்டேன். தேர்தலே நடக்கவில்லை. பரிசீலனை அன்று காலை பத்தேகாலுக்கு என் மனு தள்ளுபடி. காரணம் நானில்லை, என்னை முன்மொழிந்தவர். பெரிய மனிதர், மேடையேறினால் அரங்கே எழுந்து நிற்கும். அவர் பெயர் போட்டால் போதும், ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்தேன். தேர்தல் அலுவலர் பட்டியலில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார், மறுபடி கீழிருந்து மேலாக ஓட்டினார். "சாரோட பேர் இதுல இல்லையேம்மா" என்றார். ஐயா தன்னை ஆயுள் உறுப்பினர் என்றே பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் ஆண்டுச் சந்தா உறுப்பினர். இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை. முன்மொழிபவரும் வழிமொழிபவரும் நடப்பு உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சங்கத்தின் விதிகளான பைலாவில் ஒரே ஒரு வரி. எதிரில் நின்றவர் போட்டியின்றித் தேர்வு. ஐயா அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு கிலோ மைசூர்பாகு அனுப்பினார், பாவம்.

ஆகவே இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை முன்மொழிபவரின் ரசீதைக் கண்ணால் பாருங்கள். "கட்டிட்டேன்மா" என்ற வாய்வார்த்தை ஆகாது. ரசீது, அதில் தேதி, அந்தத் தேதி வாக்காளர் பட்டியல் முடித்த நாளுக்கு முந்தையதா, இதையெல்லாம் பாருங்கள். வழிமொழிபவருக்கும் அப்படியே. உங்களுக்கும் அப்படியே. இந்த முறை நான் மூன்று ரசீதையும் படம் எடுத்து மனுவோடு பின் அடித்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் கொடுத்தேன்.

சங்கம் என்றால் என்ன சங்கம் என்ற குழப்பம் நம் ஊரில் உண்டு. ஓட்டுக் கேட்டுப் பேசிய ஒருவர், "பழைய ஓய்வூதியம் பற்றி உங்க நிலைப்பாடு என்ன?" என்றார். இன்னொருவர் மாறுதல் கலந்தாய்வு பற்றிக் கேட்டார். அதற்கெல்லாம் வேறு சங்கங்கள் இருக்கின்றன, நானும் அதில் ஒன்றில் சந்தா கட்டுகிறேன். இது தொழில்முறைச் சங்கம். பாடம் நடத்துவது பற்றிப் பேச, படிக்க, எழுத. எல்டாய் என்று நாம் சொல்லும் இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் 1974-இல் சென்னையில் தொடங்கியது இதற்காகத்தான். அமெரிக்காவில் 1966-இல் டீசால், இங்கிலாந்தில் 1967-இல் ஐயாடெஃபல் என்று தொடங்கிய ஆங்கில ஆசிரியர் சங்கங்கள் எல்லாம் இந்த வகைதான். நான் நின்றது இவற்றில் எதிலும் இல்லை, எங்கள் பக்கத்துச் சின்னச் சங்கம். ஆனால் பெரிய சங்கத்தின் கிளையில் நிற்பவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். சம்பளம், மாறுதல் பற்றி வாக்குக் கொடுத்து ஓட்டு வாங்காதீர்கள். கொடுத்தால் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேட்பார்கள்.

டீசாலில் ஒரு ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். தலைவராகத் தேர்வாகிறவர் முதல் வருடம் வருங்காலத் தலைவர், அடுத்த வருடம் தலைவர், மூன்றாம் வருடம் முன்னாள் தலைவர். மூன்று வருடமும் நிர்வாகத்தில் உட்கார வேண்டும். வேலை கற்றுக்கொள்ள ஒரு வருடம், கற்றுக்கொடுக்க ஒரு வருடம். நம்மிடம் அது கிடையாது. பொன்னாடை போட்டு, சாவியைக் கொடுத்து, "இனி நீங்க பாத்துக்குங்க" என்பார்கள். சாவியே பல நேரம் கிடைக்காது.

சரி, தள்ளுபடிக்கும் இந்த வெற்றிக்கும் நடுவில் இருந்த மூன்று வருடம் என்ன செய்தேன்? கருத்தரங்குப் பதிவு மேசையில் உட்கார்ந்தேன். யாரும் விரும்பாத வேலை. காலை எட்டு மணிக்கு வந்து, பை, பேனா, நோட்டு, உணவு டோக்கன் கொடுத்து, சான்றிதழில் பெயர் சரிபார்க்க வேண்டும். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்று தொடங்கி ஒரு நாளைக்கு முப்பது சண்டை. நான் முந்தைய நாள் இரவே பட்டியலை ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பி, "உங்கள் பெயர் இப்படித்தானே?" என்று கேட்டுவிடுவேன். அவ்வளவுதான் நான் செய்த பெரிய சேவை. ஆனால் கல்லூரி ஆசிரியருக்கு அந்தச் சான்றிதழ் சும்மா காகிதம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி கருத்தரங்கில் கட்டுரை வாசித்ததற்குப் பதவி உயர்வுக் கணக்கில் மதிப்பெண் உண்டு. பெயரில் ஓர் எழுத்து தப்பினால் அலைச்சல். என்னை அவர்களுக்குத் தெரிந்தது அந்த மேசையில்தான். ஓட்டும் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

பள்ளி ஆசிரியர் கணக்கு வேறு. சான்றிதழால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. திங்கட்கிழமை வகுப்பில் எடுத்துப்போக ஏதாவது வேண்டும், அதோடு ஆன் டியூட்டி கிடைக்குமா என்று தெரிய வேண்டும். 2018-19-இல் பிளஸ் டூ ஆங்கிலம் இரண்டு தாளிலிருந்து ஒரே தாளாக மாறியபோது வினாத்தாள் எப்படி இருக்கும், இலக்கணத்தை எதில் சேர்ப்பது என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தோம். எங்கள் சங்கத்தின் அந்த வருடக் கருத்தரங்கு பின்காலனிய நாவல் பற்றியது. நல்ல கருத்தரங்கு, மதியச் சாப்பாடும் நன்றாக இருந்தது. ஆனால் பள்ளி ஆசிரியர் யாரும் அடுத்த வருடம் சந்தா கட்டவில்லை.

இதைத்தான் என் அறிக்கையில் எழுதினேன். வேட்பாளர் அறிக்கை நூற்றைம்பது சொல், ஆங்கிலத்தில். ஆங்கில ஆசிரியர்களிடம் ஆங்கிலத்தில் ஓட்டுக் கேட்பது போன்ற தண்டனை வேறில்லை. எல்லாருடைய கையிலும் சிவப்பு மை. என் முதல் வரைவில் 'ஹோலிஸ்டிக்' இருமுறை, 'பேஷனேட்' ஒருமுறை, 'எம்பவர்' மூன்று முறை வந்தன. என் மகள் படித்துவிட்டு, "அம்மா, இது யார் வேணா எழுதலாம்" என்றாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டு மூன்று வேலையையும் அவற்றுக்கு மாதத்தையும் மட்டும் எழுதினேன்:

ஜூலை: பிளஸ் டூ வினாத்தாள் பற்றி ஒரு சனிக்கிழமைப் பயிலரங்கு.
செப்டம்பர்: ஆண்டுக் கருத்தரங்கை டிசம்பரிலிருந்து இங்கே கொண்டுவருவது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பள்ளிக்காரர் யாரால் வர முடியும்?
மார்ச்: உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்து வெளியிடுவது. (மைசூர்பாகு நினைவாக.)

இரண்டாவது வரியில் 'ப்ரிபோன்' (முன்கூட்டி நடத்துவது) என்ற சொல்லைப் போட்டிருந்தேன். வந்தது வினை. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு பேராசிரியர், இது ஆங்கிலமே இல்லை, இந்தியர்கள் செய்த சொல் என்று எழுதினார். இன்னொருவர், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டுவிட்டது என்றார். அன்று இரவு பதினொன்றரை வரை நாற்பதுக்கும் மேல் செய்திகள். கருத்தரங்கை மாற்றலாமா கூடாதா என்று ஒருவர்கூடப் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எல்லாருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது. இதை உத்தியாக நான் சிபாரிசு செய்யவில்லை.

பிரசாரம் பற்றி: எனக்குப் போன் பேச வராது. "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா, ஒரு சின்ன உதவி" என்று தொடங்கும்போதே தொண்டை அடைக்கும். என்னை எதிர்த்து நின்றவர் முந்நூறு பேருக்காவது போன் போட்டிருப்பார். நான் யாருக்கும் போடவில்லை. அறுபது பேருக்குத் தனித்தனியாக, அவரவர் பெயர் போட்டு, எங்கே சந்தித்தோம் என்று ஒரு வரி சேர்த்து எழுதினேன். அது எனக்கு ஒத்துவந்தது. கலகலப்பானவர்களுக்கு வேறு வழி இருக்கலாம், அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

இன்னும் சில, வரிசையில்லாமல்:

பைலாவைப் படியுங்கள். கேட்டால் தர மாட்டார்கள், "குழுவில் போட்டிருக்கோமே" என்பார்கள். பதிவுபெற்ற சங்கம் என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நகல் வாங்கலாம்.

1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. உங்கள் சங்கத்தில் தேர்தலே இல்லாமல் ஒரே குழு ஏழு வருடமாக இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு இடமுண்டு. மெதுவாகக் கேளுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் மனு போடுவதற்கு முன்பே தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜெயித்த பிறகு தெரிவித்தால் முகம் சுளிப்பார்.

பெண்களுக்கு மட்டும்: வரவேற்புக் குழு, குத்துவிளக்கு, ரோஜாப்பூத் தட்டு, நிகழ்ச்சித் தொகுப்பு. இந்த நான்கும் வந்து சேரும், மறுக்கவும் முடியாது. ஆனால் அவற்றோடு கூட்டக் குறிப்பு எழுதும் வேலையையும் கேட்டு வாங்குங்கள். தீர்மானப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சங்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

அவசரமாகப் பொறுப்பு வேண்டுமென்றால் பொருளாளருக்கு நில்லுங்கள். நம் ஆட்களுக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல், போட்டியே இருக்காது. ஆனால் தணிக்கை, வங்கிக் கையெழுத்து மாற்றம், பான் அட்டை என்று உயிர் போகும். சொல்லிவிட்டேன்.

நேரில் வந்துதான் ஓட்டு என்றால், தேர்தல் நாள் முகூர்த்த நாளா என்று காலண்டரில் பாருங்கள். எங்களுக்கு முகூர்த்த நாள்தான் அமைந்தது. என் பக்கத்தில் இருபது பேராவது கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். எதிர்ப்பக்கம் எத்தனை பேர் போனார்களோ. அந்தப் பதினோரு ஓட்டு அங்கேதான் எங்காவது இருக்கும்.

தோற்றவர் எண்ணி முடிந்ததும் வந்து கைகொடுத்தார். "மேடம், ப்ரிபோன் சரிதான்" என்றார். நல்ல மனிதர். செப்டம்பர் கருத்தரங்குக்கு அவரைத்தான் ஒருங்கிணைப்பாளராகப் போடக் கேட்கப்போகிறேன், போன் போடுவதற்கு ஆள் வேண்டுமே.

இப்போதைக்கு ஏழாம் எண் படிவம் மேசையில் கிடக்கிறது. புதிய நிர்வாகிகள் பெயரைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம். எல்லாருடைய கையெழுத்தும் வந்துவிட்டது, பொருளாளருடையது மட்டும் பாக்கி. அவர் மகள் வளைகாப்புக்காகத் திருநெல்வேலி போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவாராம். வரும்போது சந்தா ரசீதையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.