எந்த வளாகம் என்று முதலில் கேளுங்கள்

பி.ஏ. கடைசி செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு ஊரிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். “அக்கா, நீங்க மெட்ராஸ் யுனிவர்சிட்டிலதான படிக்கிய? நம்ம மார்க்குக்கு அங்க சீட் கிடைக்குமா? ஹாஸ்டல் இருக்கா? மாசம் எவ்வளவு ஆவும்?” பிள்ளைகள் பாதி, அவர்களுடைய அம்மாக்கள் பாதி. 2025-இல் எம்.ஏ. பொருளியல் சேர நான் அலைந்தபோது இதே கேள்விகளை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இருந்தேன். அதனால் எரிச்சல்படாமல் பதில் சொல்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, இனி இதை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

சீட் ஒரு கவலை, தங்குமிடம் இன்னொரு கவலை, முதலில் சீட் கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றே வீட்டில் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். சென்னையில் அந்தக் கணக்கு உதைக்கும். இந்தப் பல்கலைக்கழகம் ஒரே கேட்டுக்குள் இருக்கும் ஒரே இடம் இல்லை. சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. உங்கள் துறை எதில் இருக்கிறது என்று தெரியாமல் ஹாஸ்டல் தேடினால், வகுப்புக்குப் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் என்று வாழ்க்கை போய்விடும்.

அதற்கும் முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1857-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் எத்தனையோ கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கிறவர்களும் ‘மெட்ராஸ் யுனிவர்சிட்டி’ என்றுதான் சொல்வார்கள், சான்றிதழிலும் அந்தப் பெயர்தான் வரும். ஆனால் பல்கலைக்கழகம் தானே நடத்தும் துறைகளில் இருப்பது பெரும்பாலும் முதுகலையும் ஆராய்ச்சியும்தான். “பிளஸ் டூ முடிச்சிட்டான், யுனிவர்சிட்டிலயே பி.ஏ. போட்டுடலாமா?” என்று கேட்கும் மாமாக்களுக்குப் பதில்: மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, நந்தனம் கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.காசா இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2022-இல் நான் பி.ஏ.வுக்குப் போட்டபோது அதற்கு ஐம்பது ரூபாய்தான். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இரண்டே ரூபாய். சேப்பாக்கத்தில் தொலைதூரக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் அங்கே போய் வரிசையில் நின்றுவிட்டு, ரெகுலர் சேர்க்கை வேறு இடம் என்று கேட்டுத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் எது என்று நன்றாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி வளாகங்கள். பொருளியல், கணிதம் (ராமானுஜன் பெயரில் உள்ள உயர்கணித நிறுவனம்) எல்லாம் சேப்பாக்கத்தில். தமிழ் போன்ற மொழித்துறைகள் மெரினா வளாகத்தில், கடலைப் பார்த்தபடி. உயிர்வேதியியல், தாவரவியல் உள்ளிட்ட அறிவியல் துறைகள் கிண்டியில். மரபியல், மருந்தியல் மாதிரி மருத்துவ அடிப்படை அறிவியல் படிப்புகள் தரமணியில். கிண்டி வளாகம் என்றதும் கிண்டி ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள். அது அண்ணா பல்கலைக்கழகத்தை ஒட்டி, கோட்டூர்புரம் பக்கம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘கிண்டி யுனிவர்சிட்டி’ என்றால் அண்ணா பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

இத்தனையையும் ஒரே நூலில் கோர்ப்பது பறக்கும் ரயில். பார்க் டவுன், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், மயிலாப்பூர், கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், தரமணி என்று வேளச்சேரிக்குப் போகிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்குகிறவர்கள், அங்கிருந்து மின்சார ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய்ப் பார்க்கில் இறங்கி, எதிரே பார்க் டவுனில் ஏறினால் சேப்பாக்கம் இரண்டாவது நிறுத்தம். பொனஃபைட் சான்றிதழ் வாங்கி மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் செலவும் பெரிதாகத் தெரியாது. ஆகவே யார் கேட்டாலும் நான் சொல்வது: இந்தத் தடத்தில் ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இடம் தேடுங்கள். வளாகம் மாறினாலும், வேறு துறையில் விருப்பப் பாடம் எடுத்தாலும் தலைவலி இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் சில ஸ்டேஷன்களில் ஆள் நடமாட்டம் குறைவு, துணையோடு வாருங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கும் நாளில் நூலகத்திலேயே இருந்துவிட்டுத் தாமதமாகக் கிளம்புவது உத்தமம்.

பாடத்தைத் தேர்ந்தெடுத்த கதை சிறியது. பெயர்கள்தான் குழப்பின. சேப்பாக்கத்திலேயே பொருளியல் துறை தனி, எகனாமெட்ரிக்ஸ் துறை தனி. பின்னது புள்ளியியலும் கணிதமும் அதிகம் கேட்கும். கோட்டூர் பக்கம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது இந்தப் பல்கலைக்கழகத்தின் துறை இல்லை, சேர்க்கையும் கட்டணமும் வேறு. அடையாற்றில் மிட்ஸ் என்று சொல்லப்படும் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அது முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு. நான் பொருளியல் துறையைப் பிடித்துக்கொண்டதற்குக் கொஞ்சம் அசட்டுத்தனமான காரணம் உண்டு. நூறு வருடம் முன்பு இங்கே பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அனுப்பி ஆய்வு செய்த கிராமங்களில் ஒன்று கங்கைகொண்டான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம். அதைக் கல்லூரியில் ஓர் ஆசிரியை சொன்ன அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். நுழைவுத் தேர்வா, மதிப்பெண்ணா என்பது துறைக்குத் துறை மாறும், எங்களுக்குத் தேர்வு வைத்தார்கள். இடங்கள் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி பிரிகின்றன, பி.சி.க்கு 26.5, எம்.பி.சி.க்கு 20, எஸ்.சி.க்கு 15 என்று போகும். அதனால் சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படித்து வருகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டி.சி. மட்டும் போதாது, மைக்ரேஷன் சான்றிதழும் வேண்டும். அதற்கு அபிஷேகப்பட்டியில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வந்த உடனே போட்டுவிடுங்கள். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த அண்ணன் பென்சில் முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே போனார். ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் அப்பா பெயர் முழுசாக. “இப்ப விடுறேன்மா, ஸ்காலர்ஷிப்ல மாட்டிக்குவ, மாத்திடு” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உதவித்தொகை எல்லாம் கல்லூரி மாணவர் விவரத்தை அரசு பதிந்து தரும் யு.எம்.ஐ.எஸ். எண், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு என்று ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு வருகிறது. ஊரிலேயே இ-சேவை மையத்தில் சரி செய்துவிட்டு வந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

“தமிழ் மீடியத்துல படிச்சிருக்கேன்க்கா, சமாளிக்க முடியுமா?” இதைக் கேட்கும்போது மட்டும் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடுகிறது. முடியும். விலை நெகிழ்ச்சியும் சமநோக்கு வளைகோடும் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலப் பெயர் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். நான் பாடப் புத்தகத்தின் ஓரத்தில் தமிழ்ச் சொல்லை எழுதி வைத்தே முதல் செமஸ்டரைத் தாண்டினேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே விஷயத்தைப் படிக்கலாம், உட்கார இடத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒன்று: கல்லூரியை விட்டு வெளியே வரும் முன் தமிழ் வழியில் படித்ததற்கான பி.எஸ்.டி.எம். சான்றிதழை வாங்கிவிடுங்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் 20 சதவீத ஒதுக்கீடு அதை நம்பித்தான் இருக்கிறது. எம்.ஏ.வை ஆங்கிலத்தில் படித்தால் அது போய்விடுமே என்று பயப்படுகிறார்கள். குரூப் 2 போலப் பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலைகளுக்குப் போகாது. முதுகலையையே தகுதியாகக் கேட்கும் வேலைகளுக்கு மட்டும் யோசிக்க வேண்டும்.

இப்போது ஹாஸ்டல். பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்க முதலில் அட்மிஷன் முடிந்திருக்க வேண்டும். அறை ஒதுக்குவதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். அந்த இடைவெளியில்தான் எல்லோரும் தனியார் ஹாஸ்டல்களில் போய் விழுகிறோம். திருவல்லிக்கேணியில் ஈ.பி. கம்பத்துக்குக் கம்பம் ‘லேடீஸ் ஹாஸ்டல்’ நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அப்பாவும் நானும் அதில் இருந்த நம்பர்களுக்குப் போன் போட்டுக்கொண்டே சந்து சந்தாக நடந்தோம். (தம்பிகளுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் அவர்களுக்காகவே கட்டியவை.)

முதலில் பார்த்த இடத்தில் அறை பளிச்சென்று இருந்தது. புது பெயின்ட், ஜன்னலுக்குத் திரை. மேடம் வாடகை பேசிக்கொண்டிருந்தபோது அப்பா சத்தமில்லாமல் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். “ஏட்டி, கடலத் தொறந்து விட்ட மாதிரில்லா இருக்கு. இதுல குளிச்சா தல என்னத்துக்கு ஆவும்?” அப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் குழாய், பிறகுதான் அறை. மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிறதா, எத்தனை மணிக்கு, குடிக்கிற கேன் தண்ணீர் யார் காசு என்று கேட்டுவிடுங்கள். 2019 கோடைப் பஞ்சத்தில் சில ஹாஸ்டல்கள் பிள்ளைகளை ஊருக்கே அனுப்பிவைத்த நகரம் இது.

இன்னொரு இடத்தில் உரிமத்தைக் கேட்டேன். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும், பெண் வார்டனும் காவலாளியும் வாசலில் கேமராவும் இருக்க வேண்டும். “அதெல்லாம் ஓனர்கிட்ட இருக்கும்மா, நீ அட்வான்ஸ் போட்டா காட்டுறோம்” என்றார்கள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடைசியில் கிடைத்தது பழைய கட்டடம். நாலு பேர் அறை, சாப்பாட்டோடு மாதம் 6,500, ஒரு மாத வாடகை அட்வான்ஸ். பெயின்ட் உரிந்திருந்தது, ஆனால் வரவேற்பறைச் சுவரில் உரிமம் ஃபிரேம் போட்டுத் தொங்கியது, தண்ணீர் நல்ல தண்ணீர். ஞாயிறு இரவு மெஸ் கிடையாது என்பதைப் பணம் கட்டும் முன்பே சொன்னார்கள். அந்த ஒரு நேர்மைக்காகவே அங்கே சேரலாம் என்று எனக்குத் தோன்றியது.

பணம் முடியாதவர்கள் அரசு விடுதிகளை விட்டுவிடாதீர்கள். ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீடு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்கு இல்லை. வருமானச் சான்று கேட்பார்கள். தோழி விடுதி பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தொடங்கியது. கல்லூரிப் பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் எம்.ஏ.வுக்கு வராது, பட்டப்படிப்போடு நின்றுவிடும். அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகையும் தொழிற்படிப்புகளுக்குத்தான். நமக்கு நிஜமாகக் கைகொடுப்பது சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பது.

செமஸ்டர் பாதியில் பல்கலைக்கழக விடுதியில் என் பெயர் வந்தது. தனியார் ஹாஸ்டலில் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று அட்வான்ஸைப் பிடித்துவைக்கப் பார்த்தார்கள். சேரும்போதே ரசீதின் பின்னால் ‘பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் உடனே காலி செய்யலாம்’ என்று எழுதி வார்டன் கையெழுத்து வாங்கச் சொன்னது என் சீனியர் அக்கா. அந்த ரசீதைக் காட்டியதும், பெயின்ட் அடிக்க என்று ஐந்நூறு பிடித்துக்கொண்டு மீதியை ஜிபே-யில் அனுப்பிவிட்டார்கள். என் கட்டில் காலியாவதை அன்றைக்கே துறை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நல்ல ஹாஸ்டல்களில் இடம் இப்படித்தான் கைமாறும், கம்பத்து நோட்டீஸுக்கு வராது. தென்காசிப் பிள்ளை ஒருத்தி வந்திருக்கிறாள். படிப்பது தரமணியில், திருவல்லிக்கேணியில் ரயில் ஏறிப் போகிறாள். நீங்களும் அட்மிஷன் கிடைத்த அன்றைக்கே சீனியர் யாரையாவது பிடித்து அந்தந்தத் துறைக் குழுவில் சேர்ந்துவிடுங்கள்.