ஜெஃபர்சனின் அடிக்கோடு: ஒருவழியாக மை பரவவில்லை

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரைவை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தன் கையால் எழுதிய தன்வரலாற்றில் அந்தப் பிரகடனம் வரும் பக்கத்தை வாத்து இறகால் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துகள் முதலிலிருந்தே நன்றாக விழுந்தன. பாடாய்ப் படுத்தியது அடிக்கோடுதான். இப்போது அது கத்தி கீறினாற்போல் நிற்கிறது!

ஒரு கோட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 1821 ஜனவரியில், 77 வயதில் ஜெஃபர்சன் எழுத உட்கார்ந்தார். பிரகடனத்துக்கு வந்ததும், முன்பே எழுதி வைத்திருந்த குறிப்புகளை அப்படியே இடையில் சேர்த்துவிட்டார். அதில் காங்கிரஸ் (பிரகடனத்தை ஏற்ற அமெரிக்கப் பிரதிநிதிகள் பேரவை) வெட்டிய வரிகளின் கீழே கருங்கோடு இருக்கும். காங்கிரஸ் சேர்த்தவை ஓரத்திலோ பக்கத்துப் பத்தியிலோ இருக்கும். அடிக்கோட்டை அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். அடிமை வணிகத்துக்காக பிரிட்டிஷ் மன்னரைச் சாடும் நீண்ட பகுதி முழுவதும் இந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது. தென் கரோலினா, ஜார்ஜியா இரண்டின் மனம் கோணக் கூடாது என்று அதை நீக்கினார்கள் என அவரே எழுதுகிறார். வெட்டுப்பட்டதையும் நாம் படிக்க முடிகிறது என்பதுதான் இந்தப் பக்கத்தின் உயிர். கோட்டு மை மேலே ஏறி எழுத்தைத் தின்றுவிட்டால் நகலெடுத்தே பயனில்லை.

மையில்தான் கோளாறு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். என் மையில் கடுக்காய்த் தோல், அன்னபேதி (இரும்பு சல்பேட்), கருவேலம் பிசின். பிசினைக் கூட்டினால் மை இறகிலிருந்து இறங்க மறுத்தது. அன்னபேதியைக் குறைத்தால் கோடு வெளுத்தது. உண்மையான காரணம் காகிதம். கையால் செய்த பருத்திக் காகிதத்தில் போதிய பசை ஏற்றப்படவில்லை. எழுதும்போதே இறகு முனை மேற்பரப்பைக் கீறிவிடுகிறது. அதன் அருகிலேயே மறுபடி ஈரம் பட்டதும் நார் மையை இழுத்துக்கொள்கிறது. அக்காலத்துக் காகிதத்தில் ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். அதையே செய்தேன். இனிப்புச் சேர்க்காத ஜெலட்டினை வெந்நீரில் நீர்க்கக் கரைத்து, ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்து, இரு பக்கமும் தூரிகையால் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு சோழியால் தேய்க்க வேண்டும். மழைக்காலத்தில் காயவே காயாது, மணமும் வரும். சோழியை விடாமல் தேய்த்தால்தான் பலன்; கூழாங்கல் எனக்குச் சரிவரவில்லை.

அப்புறம், எழுத்து முழுக்க உலர்ந்து கறுத்த பிறகே கோட்டில் கை வைக்க வேண்டும். அளவுகோல் வேண்டாம், அதன் அடியில் மை புகுந்துவிடும். பென்சில் கோடும் வேண்டாம், ரப்பர் பசையை உரித்துவிடும். கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு, காகிதத்துக்கு அடியில் கோடிட்ட தாள், இறகைத் துண்டுத்தாளில் ஒருமுறை தொட்டுவிட்டு ஒரே இழுப்பு. அவ்வளவுதான்.

வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் எழுதிய வரிகள் இவை. அந்த எண்ணம் இல்லாமல் இந்தப் பக்கத்தை என்னால் எழுத முடியவில்லை. இதே தன்வரலாற்றில், அடிமைகள் விடுதலை பெறுவது விதியின் ஏட்டில் உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது என்கிறார். அடுத்த வரியிலேயே, இரு இனங்களும் ஒரே அரசின் கீழ் வாழ முடியாது என்கிறார். வாஷிங்டனில் உள்ள அவரது நினைவு மண்டபச் சுவரில் முதல் வரி மட்டும்தான் இருக்கிறது. எனக்கு இது கோபமூட்டுகிறது. இரண்டு வரியையும் சேர்த்து ஒரு தாளில் எழுதப் போகிறேன்.

இறகு வாங்குபவர்களுக்கு ஒன்று. கைவினைக் கடைகளில் கிடைக்கும் சாயமேற்றிய இறகு நுனி பிளக்கும். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்களிடம் கேளுங்கள், கீழே உதிர்ந்ததைத் தருவார்கள். நுனி கெட்டிப்பட, சூடான மணலில் புதைத்து எடுத்தால் போதும்.

பிரகடனப் பக்கத்தில் வலப்பத்தி இன்னும் பாக்கி. ஆனால் மனம் அதற்குள் சமயப் பகுதிக்குப் போய்விட்டது. வர்ஜீனியாவின் சமயச் சுதந்திரச் சட்டம் 1786-இல் நிறைவேறியது. அதன் முன்னுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க வந்த திருத்தம் பெரும்பான்மையால் தோற்றதைச் சொல்லிவிட்டு, யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, நம்பிக்கை இல்லாதவர் எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்பதற்கு அதுவே சான்று என்கிறார். 1786-இல்தான் பாரிஸில் அவருடைய வலது மணிக்கட்டு பிசகியது, பிறகு சரியாகவே இல்லை. அந்தக் கையால் எழுதிய பக்கம் என்பதால் இறகை இன்னும் மெல்லியதாகச் சீவ வேண்டும். காகிதத்துக்குப் பசை பூசிக் காயப் போட்டாயிற்று.