கழுவிய பிறகு மட்டும் தடுமாறிய பாஸ்டரைசர்

நான் பராமரிப்புப் பொறியாளராகப் பணிபுரியும் பால் பதப்படுத்தும் ஆலையில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உற்பத்தி நின்றுபோவதுண்டு. கிருமிகள் அழியப் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடிகளாவது வைத்திருக்க வேண்டும். பால் அந்த வினாடிகளில் கடந்து செல்லும் ஹோல்டிங் டியூபின் முடிவிலுள்ள சென்சார் அதைவிடக் குறைவாகக் காட்டினால், டைவர்ஷன் வால்வு பாலைத் தொடக்கத்திலுள்ள பேலன்ஸ் டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். எங்கள் பாஸ்டரைசரில் இது நாளுக்குப் பலமுறை நிகழத் தொடங்கியது.

எல்லோரையும் போல நானும் முதலில் சென்சாரையே சந்தேகித்தேன். அதைக் கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் அனுமதி, ஒப்பீட்டு வெப்பமானியைக் கொண்டு சரிபார்த்தல், கையொப்பங்கள் என அரை நாள் கழிந்தது. புதிய சென்சாரும் பழையது சொன்னதையே சொன்னது. வெப்பநிலையைச் சீராக்கும் கன்ட்ரோலரின் பிஐடி மதிப்புகளை, அதாவது அது எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்ற அமைப்புகளை, மாற்றியதில் ஊசலாட்டம் மெதுவானதே தவிர நிற்கவில்லை. செட் பாயிண்டை, அதாவது இலக்கு வெப்பநிலையை, இரண்டு டிகிரி கூட்டிவிடலாம் என்று ஷிப்ட் பொறுப்பாளர் யோசனை கூறினார். பாலில் வெந்த வாசம் ஏறும், பாலுக்கு வெப்பம் கடத்தும் பிளேட்டுகளில் படிவு விரைவாகச் சேரும், காரணமோ அப்படியே இருக்கும் என்பதால் நான் இணங்கவில்லை.

ஒரு வாரத்து வெப்பநிலைப் பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோதுதான், தடுமாற்றம் எப்போதும் சிஐபி கழுவுதல் (இயந்திரத்தைக் கழற்றாமலே உள்ளே கழுவுவது) முடிந்த முதல் இரண்டு மணி நேரத்திலேயே வருவது தெரிந்தது. காஸ்டிக்கும் அமிலமும் ஓடிச் சுத்தமான பிளேட்டுகள் வெப்பத்தை நன்றாகக் கடத்த வேண்டுமே, அப்போதுதானா வெப்பம் குறையும் என்று எரிச்சலாக இருந்தது. அடுத்த நாள் அந்த நேரத்தில் பாலைச் சூடேற்றும் சூடுநீர்ச் சுற்றை நீராவியால் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் அருகிலேயே நின்றேன். நீராவி குளிர்ந்து உண்டாகும் நீரை (கன்டென்சேட்) மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப்புக்கு முந்தைய குழாய் இருக்க வேண்டிய அளவுக்குச் சூடாக இல்லை. உள்ளே தட்டுவது போன்ற ஓசையும் கேட்டது. டிராப்பைத் திறந்து பார்த்தால் மிதவை நன்றாகவே இயங்கியது.

கோளாறு டிராப்பில் இல்லை, அதற்கு அப்பால் இருந்தது. கன்டென்சேட் குழாய் அங்கிருந்து 4 மீட்டர் மேலே ஏறுகிறது. அந்த உயரத்தைக் கடக்கவே சுமார் 0.4 பார் அழுத்தம் தேவை. பிளேட்டுகள் சுத்தமாக இருக்கும்போது குறைந்த நீராவியே போதும் என்பதால் கன்ட்ரோல் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்ள, உள்ளே அழுத்தம் விழுந்து, கன்டென்சேட் வெளியேற வழியின்றித் தேங்கி, வெப்பப் பரப்பை மூழ்கடித்தது. வெப்பம் குறைந்ததும் வால்வு அகலத் திறந்து தேங்கிய நீரைத் தள்ளிவிடும். பிறகு மீண்டும் மூடும். படிவு சேரச் சேர நீராவித் தேவை கூடியதால் பிற்பகலில் எல்லாம் தானாகவே அடங்கியது.

கன்டென்சேட் தன் எடையிலேயே இறங்கி விழும்படி கீழே திறந்த வாயுள்ள ஒரு சிறு தொட்டி அமைத்து, அங்கிருந்து பம்பு மூலம் மேலேற்றினோம். நீராவிப் பகுதியில், வெற்றிடம் உண்டாகாமல் காற்றை உள்ளே விடும் ஒரு வேக்குவம் பிரேக்கரும் பொருத்தினோம். கருவிகளை எண்ணி ஒப்படைத்து, டைவர்ஷன் வால்வு உரிய வெப்பநிலையில் பாலைத் திருப்புகிறதா என்று சோதித்துக் காட்டிய பின்பே இயந்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த சிஐபிக்குப் பிந்தைய பதிவில் கோடு நேராகச் சென்றது. கழற்றிய பழைய சென்சார் சோதனையில் குறையின்றித் தேறி, இப்போது ஸ்பேர் அலமாரியில் இருக்கிறது.