பால் ஊற்றும் மாமி: ஒரு குறும்பட நாட்குறிப்பு

ஜூன் 1, ஞாயிறு

குறும்படத்துக்கு ஒல்லாந்து ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியம்தான் என்று முடிவாகிவிட்டது. மஞ்சள் மேலாடை, வெள்ளைத் தலைத்துணி எல்லாம் யாருக்கும் மாட்டிவிடப் போவதில்லை. மாறுவேடப் போட்டியா நடத்துகிறோம்? ஓவியத்தில் நடப்பது ஒன்றுதான். ஒருத்தி பால் ஊற்றுகிறாள், அதிலேயே கண்ணாக இருக்கிறாள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்படி ஒருவரை எனக்குத் தெரியும்: எங்கள் ஒழுங்கையில் இடியப்பமும் சொதியும் செய்து விற்கும் மாமி.

ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல். ஓவியம் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. அவர்கள் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம் மாமி வீட்டிலிருந்து நடை தூரம். தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 4

அடுப்படி ஜன்னல் வடக்குப் பார்த்தது, இடப்பக்கம். ஓவியத்திலும் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்துதான். பெப்ரவரியில் அங்கே பதமான வெளிச்சம் இருந்தது. இப்போது சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டதால் காலை வெயில் சரிந்து நேரே சட்டியில் விழுகிறது. ஒளிப்பதிவாளன் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியைக் கட்டினான். ஆயிரக்கணக்கில் வாடகை கேட்கும் விளக்குகளைவிட வேட்டி மேல்.

ஜூன் 7

சுவரை வெறுமையாக்கும் படலம். நாட்காட்டியைக் கழற்ற மாமி சம்மதிக்கவில்லை. தேங்காய்க் கடன் முழுவதும் அதில்தான் எழுதியிருக்கிறது. வெர்மீரும் சுவரில் முதலில் கூசாச் சாடிகள் மாட்டும் பலகையை வரைந்து, பிறகு தானே மறைத்துவிட்டார். ஆம்ஸ்டர்டாம் றைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் அதை வெளியிட்டது. மிஞ்சியது வெற்றுச் சுவரும் ஓர் ஆணியும். இதை மாமியிடம் சொன்னேன். “ஆணி இருக்கட்டும், நாட்காட்டியைத் தாருங்கள்” என்று அதை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 10, பொசன் போயா

படப்பிடிப்பு. பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள் என்பதால் வீதியில் தன்சல், அதாவது அன்னதானப் பந்தல், ஒலிபெருக்கி. ஒலியைத் தனியாகப் பதியவேண்டும்.

இரண்டாம் தேங்காய்ப் பாலில் வெங்காயமும் மிளகாயும் வெந்து வர, மாமி முதற்பாலை எடுத்தார். இடக்கை சரித்து ஊற்ற, வலக்கை அகப்பையால் துழாவிக்கொண்டே இருந்தது. கை நின்றால் பால் திரைந்துவிடும். நூலாக இறங்கிய பால் மஞ்சளில் விழுந்த இடம் ஒரு கணம் வெள்ளையாக நின்று கரைந்தது. “மாமி, கொஞ்சம் மெதுவாக” என்றேன். “தம்பி, சொதி உங்களுக்காகக் காத்திருக்காது” என்றார், தலையை நிமிர்த்தாமலே. கமெராவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதைச் சொல்லிக் கொடுத்து வரவழைக்க முடியாது.

ஜூன் 14

ஓவியம் 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், ஏறத்தாழச் சதுரம். படத்தையும் அந்த அளவுக்கே வெட்டினேன். வயலின் போடலாம் என்றான் ஒளிப்பதிவாளன். வேண்டாம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் போதும்.

மாமி தொலைபேசியில் பார்த்தார். தன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “மேசையில் அந்தக் காய்ந்த பாண் ஏன்?” என்றார். ஓவியத்தில் இருக்கிறது, பழைய பாணைப் பாலில் ஊறவைத்து அவள் ஏதோ செய்கிறாள் என்கிறார்கள் என்றேன். “அப்படியென்றால் சரி. சீனி போட்டாளா?”