பட்டர்வொர்த் பல்லெல்லாம் ஏறியாச்சா?

13 பிப்ரவரி 2025, வியாழன்

தைப்பூசம் ஊருக்கு முடிந்துவிட்டது, எங்கள் வீட்டில் முடியவில்லை. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் கேட்ட உறுமி மேளம் மகளின் காதிலேயே நிற்கிறது. விளக்கை அணைத்ததும் மெத்தைமேல் எழுந்து நின்று "வேல் வேல்" என்று குதிக்கிறாள். அவள் வேல் என்றால் நான் வெற்றிவேல் என்று சொல்லாமல் இருக்க முடியுமா? மணி பத்தைத் தாண்டிவிட்டது.

மனைவிக்கு இந்த மாதம் மருத்துவமனையில் மாலை ஷிப்ட். அவள் வீடு திரும்புவதற்குள் இரண்டரை வயதுக்காரியைத் தூங்க வைப்பது என் வேலை. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தஸ்காவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறாள். காலை ஆறரைக்கு எழுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் பாயான் லெப்பாஸ் நெரிசலில் நான் மாட்டிக்கொள்வேன். அப்படியென்றால் ஒன்பதுக்குள் அவள் தூங்கியிருக்க வேண்டும்.

பாட்டு வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அவளுக்குக் கடிகாரம் தெரியாது, பாட்டு தெரியும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

"வெளிய வெளிச்சமா இருக்கு. தூக்கம் இல்ல." ஏழேகால் மணிக்கு மகள் வைத்த வாதம் இது. வெளிச்சம் இருந்தது உண்மைதான். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்தார்கள். சூரியன் பழைய நேரப்படிதான் போய்வருகிறது. அதனால் பினாங்கில் வருடம் முழுக்க ஏழு மணிக்கு மேல்தான் இருட்டுகிறது.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் சிலரைப் படுக்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள், கொலராடோ பல்கலைக்கழகத்தில். 2018இல் வந்த ஆய்வு. தூக்கத்துக்கான மெலட்டோனின் ஹார்மோன் கிட்டத்தட்ட 90 விழுக்காடு குறைந்துபோனதாம். இதைப் படித்தபின் ஹாலில் உள்ள பெரிய குழல்விளக்கை எட்டு மணிக்கே அணைத்துவிடுகிறேன். கைப்பேசியும் அலமாரிக்கு மேலே போய்விடும்.

எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்து சூராவில் (சின்னத் தொழுகைக் கூடம்) அந்திநேர மக்ரிப் பாங்கு கேட்டதும் குளியல். இது நான் போட்ட திட்டம் இல்லை, அவளே பிடித்துக்கொண்டது. பாங்கு ஆரம்பித்தால் தானே சட்டையைக் கழற்றுகிறாள்.

20 பிப்ரவரி, வியாழன்

ஒரு வேலைக்கு ஒரு பாட்டு. குளிக்க ஒன்று, பல் தேய்க்க ஒன்று, சட்டை மாற்ற ஒன்று, படுத்தபின் ஒன்று. சட்டைப் பாட்டு நான்கே வரி, அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பல் தேய்க்கும் பாட்டுதான் வீட்டில் சூப்பர் ஹிட்.

ஜார்ச் டவுன் தீவில், பட்டர்வொர்த் எதிர்க்கரையில், நடுவே ஃபெரி ஓடும். பாட்டில் மேல்வரிசை ஜார்ச் டவுன், கீழ்வரிசை பட்டர்வொர்த். பிரஷ்தான் ஃபெரி. அரிசி அளவு பற்பசை வைத்து, "ஜார்ச் டவுன் பல்லெல்லாம் ஏறியாச்சு, பட்டர்வொர்த் பல்லெல்லாம் ஏறியாச்சா?" என்று நான் இழுக்க வேண்டும். அவள் வாயைத் திறந்தபடியே "இய்ய்ய" என்பாள். இல்லை என்று அர்த்தம். இப்போதைய ஃபெரியில் கார் ஏறாது, ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். அதனால் கடைவாய்ப் பல் மட்டும் மோட்டார் சைக்கிளில் வரும். பின்னால் புதிதாக முளைக்கிற பல் ஈறைத் தள்ளிக்கொண்டு வலிக்கிற இடம் அது, அங்கே பிரஷ் பட்டாலே முன்பெல்லாம் வாயை மூடிக்கொள்வாள். இப்போது "டுர்ர்ர்" சத்தத்துக்காகவே திறந்து காட்டுகிறாள்.

மெட்டெல்லாம் நான் போட்டதுதான், கேட்கச் சகிக்காது. அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஆனால் ஒரு சொல் மாறினால் பிடித்துவிடுவாள்.

ஒன்று கவனித்தேன். முதல் பாட்டு துள்ளலாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சட்டை மாற்றும்போது பாதி வேகம் போதும். படுத்தபின் வரும் பாட்டில் சொல்லே குறைவாக இருந்தால் நல்லது. வேல் வேல் வேகத்தில் எதைப் பாடினாலும் கால் குதிக்கத்தான் செய்யும்.

24 பிப்ரவரி, திங்கள்

சுங்கைப் பட்டாணியிலிருந்து அத்தை வந்திருக்கிறார், ஒரு மாதம் இருப்பார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தூளி எங்க தம்பி?"

ஸ்டோர் ரூமில் ஸ்பிரிங்கும் கொக்கியும் இருக்கின்றன, பாத்திக் சாரோங்கும் இருக்கிறது. ஆனால் இவள் இப்போது உட்கார்ந்தால் ஸ்பிரிங் நீண்டு தரையைத் தொட்டுவிடும். சரி, தூளி இல்லாவிட்டால் என்ன என்று மடியில் போட்டுக்கொண்டார்.

அத்தை ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா கித்தா மரம் சீவியவர். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். அந்த அவசரமெல்லாம் அவர் பாட்டில் இருக்கிறது.

"பெரட்டு மணி அடிக்குமுன்னே பேசாமக் கண்ணுறங்கு, மங்கு கழுவ நேரமாச்சு மானே நீ கண்ணுறங்கு."

மங்கு என்பது ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம். ஆராரோ ஆரிரரோ ஒவ்வொரு அடிக்கும் பிறகு வருகிறது. உன்னை யார் அடித்தார் என்று மாமன், அத்தை, சித்தப்பன் என்று உறவெல்லாம் வரிசையாக விசாரணைக்கு வருகிறது. தோட்டத்து எழுத்தர் கிராணியும் வந்தார்! பிள்ளைக்குச் சொல்வதுபோல் பாதியும் தனக்குத் தானே புலம்புவதுபோல் பாதியும். தோட்டத்தில் வாய்விட்டுத் திட்ட முடியாத ஆட்களை இதில்தான் திட்டியிருப்பார்கள் போல.

நான் பார்த்தது குரலைவிடக் கையை. குவித்த உள்ளங்கையால் தொடையில் தட்டுகிறார். முதலில் ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. பிறகு ஒரு சொல்லுக்கு ஒன்று. கடைசியில் ஒரு வரிக்கு ஒன்று. மகளின் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது, மூன்றாவது மாமன் வந்தபோது நின்றுவிட்டது. எட்டே முக்காலுக்குத் தூங்கிவிட்டாள்.

27 பிப்ரவரி, வியாழன்

இரவு இரண்டு மணிக்கு "பாட்டி ஆராரோ" என்று அழைப்பு. முந்தைய இரவும் அப்படித்தான்.

எல்லாக் குழந்தைகளும் இரவில் பல தடவை லேசாக விழிக்கின்றன, ஒரு தூக்கச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில். கண் அயர்ந்தபோது இருந்ததெல்லாம் அப்படியே இருந்தால் தானாகத் திரும்பத் தூங்கிவிடும். மடியும் பாட்டும் இருந்து, விழிக்கும்போது வெறும் தலையணை என்றால் கூப்பிடத்தான் செய்யும். அதனால் பாட்டைத் தூக்கம் வரும் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் யோசனை. கண் சொக்கியிருக்கலாம், தூங்கியிருக்கக் கூடாது.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? மனைவிதான் சொன்னாள்.

"பாதியில நிறுத்துனா அதுக்குப் பேரு தாலாட்டா?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோட்டத்து லயத்து வீட்டுல ஒரே ரூம்பு. ராத்திரி முழிச்சா அம்மா பக்கத்துலதான் கெடக்கும். கை நீட்டுனா தட்டும். இங்க நீங்க தனி ரூம்புல போட்டுட்டு, பாட்ட குத்தம் சொல்றீங்க" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது சரி. லயத்தில் பாட்டு நின்றாலும் எதுவும் மாறவில்லை, அதே பாய், அதே மூச்சு. நம் வீட்டில்தான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறோம். பழைய முறை தவறு என்பது இல்லை. அறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

2 மார்ச், ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. மக்ரிப் பாங்கு கேட்டதும் கீழ்வீடெல்லாம் நோன்பு திறக்கிறது, இவள் சட்டையைக் கழற்றுகிறாள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்போம், ஒரு தட்டு குவே பலகாரம் கொண்டு வந்தார். கொண்டு வந்தவர், சிணுங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி, மலாயில் ஏதோ "டோடோய்" என்று மெல்லப் பாடினார். ஒரு சொல் புரியாவிட்டாலும் அவர் தோளில் வாயைத் திறந்தபடி சாய்ந்துவிட்டாள்.

ஹார்வர்டில் 144 கைக்குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டே இராத மொழிகளின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தாலாட்டு கேட்டபோது, மற்றப் பாட்டுகளைவிட, இதயத் துடிப்பு அதிகம் தணிந்தது. மாக்சிக்குக்கு இது எந்த ஆய்வும் இல்லாமலே தெரியும்.

தராவீஹ் தொழுகை ஒலிபெருக்கியில் ஒன்பதரை தாண்டியும் போகிறது, அதைக் கேட்டபடியே தூங்குகிறாள். பையன்கள் வெடிக்கும் ஒரே ஒரு பட்டாசு போதும், எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஒரே சீராக வரும் சத்தத்தால் தொல்லை இல்லை. திடுக்கென்று வருவதால்தான்.

9 மார்ச், ஞாயிறு

ஒப்பந்தம் ஆகிவிட்டது. அத்தை மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து பாடுவார், மடி கிடையாது. சொற்களோடு இரண்டு சுற்று, பிறகு வெறும் ஆராரோ, பிறகு தட்டு மட்டும், பிறகு தட்டும் இல்லை. எழுந்து போவதில்லை, சும்மா உட்கார்ந்திருப்பார். கிராணியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு மணி அழைப்பு குறைந்திருக்கிறது, நின்றுபோகவில்லை.

புதிய தலைவலி "இன்னும் ஒண்ணு". ஒன்று கொடுத்தால் இன்னொன்று கேட்பாள் என்பது ஊரறிந்த விஷயம். எத்தனை என்று அவளைக் கேட்பதே இல்லை. எது என்று மட்டும் கேட்கிறேன், நிலாப் பாட்டா, யானைப் பாட்டா? தேர்ந்தெடுத்தவள் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிறாள். பாடி முடித்ததும் நிலாவுக்கு டாட்டா, யானைக்கு டாட்டா, விளக்குக்கு டாட்டா. டாட்டா சொன்னபின் பாட்டு கிடையாது என்பதில் அவள்தான் என்னைவிடக் கண்டிப்பு. நேற்று மறந்துபோய் முணுமுணுத்தேன், "டாட்டா சொல்லியாச்சு அப்பா" என்று அதட்டல்.

15 மார்ச், சனி

காய்ச்சல். மடி, பாட்டு, நடுராத்திரிக் கிராணி, எல்லாம் உண்டு. சட்டம் பேச இது நேரமில்லை.

23 மார்ச், ஞாயிறு

காய்ச்சல் போய் வழக்கத்துக்குத் திரும்ப மூன்று நாலு இரவு பிடித்தது. அத்தை நாளை பஸ் ஏறுகிறார். பெருநாள் விடுமுறைக்கு நாங்களும் சுங்கைப் பட்டாணிக்குப் போகிறோம். அங்கே ஹாலில் பத்துப் பேர் வரிசையாகப் படுப்போம், லயம் மாதிரிதான். தாலாட்டை அத்தை முழுசாகப் பாடிக்கொள்ளட்டும்.

ஏப்ரலிலிருந்து எனக்கு மாலை ஷிப்ட், மனைவிக்குக் காலை. இன்று அவளுக்கு விடுப்பு என்பதால் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட நன்றாகப் பாடுபவள், அதுதான் சிக்கல். ஃபெரிப் பாட்டுக்கு நல்ல மெட்டாக ஒன்று போட்டாள். மகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். போதாததற்குப் பட்டர்வொர்த்தை மேல்வரிசையில் வைத்துவிட்டாள். வரைபடத்தில் இரண்டும் மேலே கீழே இல்லை, கிழக்கு மேற்கு என்று வாதாடியும் பார்த்தாள்.

"அப்படி இல்லம்மா. பட்டர்வொர்த் கீழ."

மனைவி இப்போது குளியலறையில் என் மெட்டைப் பழகிக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் எரிச்சலோடு.